கண் மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட கருவியல் மேதை: டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் வாழ்வும் வழக்கும்

புது தில்லி: செயற்கை முறைக் கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்தும் மசோதா 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. அடுத்த மாதமே அது சட்டமாக நடைமுறைக்கு வந்தது. கருத்தரிப்பு மையங்கள் அனைத்தும் பதிவு செய்யப்பட வேண்டும். சிகிச்சை விவரங்கள் தேசியப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். கண்காணிக்கத் தேசிய அளவிலும் மாநில அளவிலும் வாரியங்கள் இயங்க வேண்டும் என்பன அதன் முக்கிய அம்சங்கள்.

இச்சட்டம் ஒழுங்குபடுத்த முனையும் மருத்துவத் துறைக்கு இந்தியாவில் பிள்ளையார் சுழி போட்டவர் கொல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் சுபாஷ் முகர்ஜி. அவர் பணியாற்றிய நாளில் இந்நாட்டில் இத்துறைக்கெனச் சட்டமும் இல்லை, வாரியமும் இல்லை, பதிவேடும் இல்லை. சாதனையைச் செய்துவிட்டு அதை மெய்ப்பிக்க முடியாமல் அவர் மாண்டார். அவரது வாழ்க்கை ஒரு விஞ்ஞானியின் சோகக் கதை மட்டுமன்று. அறிவியல் உண்மையைத் தீர்மானிக்கும் தகுதி யாருக்கு உண்டு என்ற கேள்வியை அரசுகளின் முன் வைக்கும் வழக்கும் ஆகும்.

இரு முனைவர் பட்டங்கள்: சுபாஷ் முகர்ஜி 1931 ஜனவரி 16-ஆம் தேதி, இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள ஹசாரிபாகில் பிறந்தார். கல்கத்தாவில் உடலியங்கியலில் இளநிலைப் பட்டம் பெற்றார். கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரியில் பயின்று 1955-இல் மருத்துவரானார்.

மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் நோயாளிகளைப் பார்க்க அமர்ந்துவிடுவதே வழக்கமாக இருந்த காலம் அது. அவரோ ஆராய்ச்சியை நாடினார். இனப்பெருக்க உடலியங்கியலில் ஆய்வு செய்து 1958-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் பிரிட்டன் சென்று, ஹார்மோன்களுக்கும் இனப்பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, 1967-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இரண்டாவது முனைவர் பட்டத்தையும் பெற்றார்.

உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கிய ராபர்ட் எட்வர்ட்ஸும் அதே எடின்பரோவில்தான் 1950-களில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒரே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி பயின்ற இருவருக்கும் அவரவர் நாடுகள் அளித்த வாழ்க்கை முற்றிலும் வேறாக அமைந்தது.

படிப்பை முடித்ததும் முகர்ஜி நாடு திரும்பினார். கல்கத்தா நீல்ரதன் சர்கார் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் ஆசிரியராகச் சேர்ந்தார். 1975-இல் பாங்குரா சம்மிலனி மருத்துவக் கல்லூரிக்குப் பேராசிரியராக அனுப்பப்பட்டார். பாங்குரா தலைநகரிலிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவில் உள்ள ஊர். வார நாட்களில் பாங்குராவில் பாடம் நடத்திவிட்டு, விடுமுறை நாட்களில் கல்கத்தா வந்து ஆராய்ச்சியைத் தொடர்வது அவரது வழக்கமாயிற்று.

மூவர் அணி: அவருடன் இருவர் இணைந்திருந்தனர். ஒருவர் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுனித் முகர்ஜி. உணவுத் தொழில்நுட்பமும் உறைகுளிர் நுட்பமும் அறிந்தவர். மற்றவர் மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. பெரிய ஆய்வுக்கூடமோ, அரசு நிதியோ, வெளிநாட்டுக் கருவிகளோ அவர்களிடம் இல்லை. கிடைத்த எளிய உபகரணங்களைக் கொண்டே பணியாற்றினர்.

கருக்குழாய்கள் பழுதுபட்டதால் தாய்மை அடைய இயலாதிருந்த கல்கத்தா பெண் ஒருவர் இவர்களிடம் சிகிச்சைக்கு வந்தார். கருமுட்டையும் விந்தணுவும் இயற்கையாகச் சந்திக்கும் இடம் கருக்குழாய். அந்தப் பாதை அடைபட்டால், முட்டையை வெளியே எடுத்து ஆய்வுக்கூடத்தில் கருவுறச் செய்து கருப்பையில் வைப்பதே வழி. கோட்பாடு உலகெங்கும் பலருக்குத் தெரிந்திருந்தது. மனிதர்களிடம் அதைச் செய்து காட்டுவதில்தான் ஆண்டுக்கணக்கில் தோல்வி தொடர்ந்தது.

1978 ஜூலை 25-ஆம் தேதி இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ ஆகியோரின் முயற்சியால் முதல் குழந்தை பிறந்தது. சரியாகப் பத்து வாரங்கள் கழித்து, அக்டோபர் 3-ஆம் தேதி, கல்கத்தாவில் முகர்ஜி குழுவினரின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது துர்கா பூஜைக் காலம். குழந்தை துர்கா என்றே அழைக்கப்பட்டது.

முறையில் இருந்த முன்னோட்டம்: கல்கத்தாவில் நடந்தது ஓல்டாமில் நடந்ததன் நகல் அன்று. பிரிட்டிஷ் குழுவினர் பெண்ணின் உடலில் இயற்கையாக ஒரு மாதத்தில் முதிரும் ஒற்றை முட்டையை நம்பியிருந்தனர். அதை லேப்ராஸ்கோப் கருவியை வயிற்றில் செலுத்தி எடுத்தனர். கருவுற்றதும் தாமதமின்றிக் கருப்பையில் சேர்த்தனர்.

முகர்ஜி மூன்றிலும் மாறுபட்டார். முதலாவதாக, ஹார்மோன் ஊசிகளால் சினைப்பையைத் தூண்டி, ஒரே சுழற்சியில் பல முட்டைகள் முதிரச் செய்தார். ஒன்று தவறினாலும் மற்றொன்று பயன்படும் என்பது அதன் நன்மை. இரண்டாவதாக, வயிற்றின் வழியே செல்லாமல், பெண்ணுறுப்பின் வழியாகச் சிறு அறுவை மூலம் முட்டைகளை எடுத்தார். மூன்றாவதாக, உருவான கருவை உடனே கருப்பையில் வைக்கவில்லை. ஹார்மோன் தூண்டலுக்கு உள்ளான மாதத்தில் கருப்பையின் உட்சுவர் கருவை ஏற்கும் நிலையில் இராது என்பது அவரது கணிப்பு. எனவே உறைகுளிர் நிலையில் கருவைச் சேமித்து, 53 நாட்கள் கழித்து, உடல் இயல்புக்குத் திரும்பிய வேறொரு சுழற்சியில் கருப்பைக்கு மாற்றினார்.

இன்று கருத்தரிப்பு மையங்களில் அன்றாடம் நடப்பவற்றோடு இதை ஒப்பிட்டால் அவரது தொலைநோக்கு புலப்படும். ஹார்மோன் தூண்டல் முறையில் அமெரிக்காவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது 1981 டிசம்பரில். உறைநிலையில் வைக்கப்பட்ட கருவிலிருந்து ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்தது 1984-இல். பெண்ணுறுப்பின் வழியே முட்டை எடுக்கும் முறை, அல்ட்ராசவுண்ட் துணையுடன் 1980-களின் நடுப்பகுதிக்குப் பின்னரே உலகெங்கும் பரவியது. மூன்று வழிகளையும் 1978-க்கு முன்பே ஒருவர் ஒருசேரக் கையாண்டிருந்தார் என்பதே அன்றைய மருத்துவ உலகுக்கு நம்பமுடியாததாக இருந்தது. அதுவே அவருக்கு எதிராகவும் திரும்பியது.

விசாரணைக் குழு: செய்தி வெளியானதும் பாராட்டும் எழுந்தது, ஐயமும் எழுந்தது. ஐயம் எழுந்ததில் தவறு இல்லை. பெரிய சாதனையை அறிவிப்பவரிடம் ஆதாரம் கேட்பது அறிவியலின் மரபு. முகர்ஜி தரப்பில் ஒரு பலவீனமும் இருந்தது. அவர்களது பணி பற்றிய சுருக்கமான அறிக்கை உறைகுளிர் நுட்பம் தொடர்பான இந்திய ஆய்விதழில் 1978-இல் வெளிவந்ததே தவிர, உலக மருத்துவர்கள் படிக்கும் பெரிய இதழ் எதிலும் விரிவான கட்டுரை வரவில்லை. குழந்தையின் குடும்பத்தாரோ, சமூகத்தின் பேச்சுக்கு அஞ்சி வெளிச்சத்துக்கு வர விரும்பவில்லை. தாயையும் சேயையும் முன்னிறுத்தி வாதாட முகர்ஜியால் இயலவில்லை. நோயாளியின் அந்தரங்கத்தை அவர் காத்தார். அதற்கான விலையை அவரே கொடுக்க நேர்ந்தது.

மேற்கு வங்கத்தில் இடதுசாரி முன்னணி ஆட்சிக்கு வந்து அப்போது ஓராண்டு கடந்திருந்தது. மாநில அரசு 1978 நவம்பரில் முகர்ஜியின் கோரிக்கையை ஆராயக் குழு அமைத்தது. தலைவராக நியமிக்கப்பட்டவர் மிருணாள் குமார் தாஸ்குப்தா. அவர் சாதாரண மனிதர் அல்லர். ரேடியோ இயற்பியலில் புகழ்பெற்றவர். விண்வெளியில் உள்ள சிக்னஸ்-ஏ என்னும் ரேடியோ மூலம் இரட்டை அமைப்புடையது என்பதை 1953-இல் உலகுக்கு அறிவித்த இருவரில் ஒருவர். ஆனால் விண்மீன்களின் அலைகளை ஆராய்ந்த அறிவு, எட்டு அணுக்கள் கொண்ட மனிதக் கருவை மதிப்பிட உதவாது. குழுவில் மருத்துவர்கள் இருந்தனர் என்றாலும், உடலுக்கு வெளியே கருத்தரிப்பு என்ற இத்துறையில் நேரடி அனுபவம் கொண்டவர் எவரும் இல்லை.

இந்தியாவில் அத்தகையோர் அப்போது இல்லை என்று வாதிடலாம். அப்படியெனில் ஆவணங்களை வெளிநாட்டு வல்லுநர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருக்கலாம். முகர்ஜியையே வெளிநாட்டுக்கு அனுப்பி அவர்கள் முன் விளக்கச் செய்திருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. அவரது கோரிக்கை நம்பத்தக்கதன்று என்ற முடிவுக்கே குழு வந்தது.

மறுக்கப்பட்ட பயணம்: ஜப்பானின் கியோட்டோவில் தமது ஆய்வை விளக்குமாறு 1979-இல் அவருக்கு அழைப்பு வந்தது. அரசு ஊழியர் என்பதால் அரசின் அனுமதி தேவை. அனுமதி மறுக்கப்பட்டது. உள்நாட்டில் போதிய ஆதாரம் தரவில்லை என்று குற்றம் சாட்டிய அரசே, வெளிநாட்டு வல்லுநர்களிடம் ஆதாரத்தை வைக்கும் வாய்ப்பையும் அடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுத்ததும் அரசு. பணியிடத்தைத் தீர்மானித்ததும் அரசு. பயண அனுமதி வழங்க வேண்டியதும் அரசு. அவரது ஆய்வு மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிக்கக் குழு அமைத்ததும் அரசு. எஜமானரே நீதிபதியும் ஆனபோது, மேல்முறையீட்டுக்குச் செல்ல அவருக்கு வேறு மன்றம் இல்லை.

மன உளைச்சலுக்கிடையே அவர் இதய நோய்க்கும் ஆளானார். 1981 ஜூனில் அடுத்த உத்தரவு வந்தது. கல்கத்தாவில் உள்ள மண்டலக் கண் மருத்துவ நிறுவனத்தில், மின் உடலியங்கியல் பேராசிரியராக அவர் மாற்றப்பட்டார். இனப்பெருக்க ஹார்மோன்களில் இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்றவருக்கு, கண் சிகிச்சை நிறுவனத்தில் பணி. ஏட்டளவில் அது வழக்கமான இடமாற்றம். நடைமுறையில் அவரது ஆராய்ச்சிக்கு வைக்கப்பட்ட முற்றுப்புள்ளி.

அம்மாதம் 19-ஆம் தேதி தமது இல்லத்தில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 50. ஆசிரியையான மனைவி நமிதா, கணவரின் கையெழுத்துக் குறிப்புகளையும் கடிதங்களையும் அழியாமல் காத்து வைத்தார்.

வங்க எழுத்தாளர் ரமாபத சௌதுரி இவ்வாழ்க்கையின் தாக்கத்தில் ஒரு நாவல் எழுதினார். அதைத் தழுவி இயக்குநர் தபன் சின்ஹா 1990-இல் எடுத்த ஹிந்தித் திரைப்படம் 'ஏக் டாக்டர் கி மௌத்'. திரையில் கதாநாயகனின் கண்டுபிடிப்பு தொழுநோய்த் தடுப்பு மருந்தாக மாற்றப்பட்டிருந்தாலும், அது யாருடைய கதை என்பது வங்கத்தில் அனைவருக்கும் தெரிந்தது.

முதலிடத்தை விட்டுக்கொடுத்தவர்: இதற்கிடையே 1986 ஆகஸ்ட் 6-ஆம் தேதி மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் ஹர்ஷா என்ற பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவன இயக்குநர் டி.சி. ஆனந்த் குமாரும் அதற்குக் காரணமானவர்கள். இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று நாடு கொண்டாடியது. பாடநூல்களிலும் அவ்வாறே பதிவாயிற்று.

இந்த இடத்தில் வரலாறு முடிந்திருக்கலாம். அதைத் திருத்தியவர் ஆனந்த் குமாரே. 1997-இல் மாநாடு ஒன்றுக்காகக் கொல்கத்தா சென்ற அவரிடம் முகர்ஜியின் ஆவணங்கள் ஒப்படைக்கப்பட்டன. கையெழுத்துக் குறிப்புகளையும் அறிக்கைகளையும் அவர் வரிவரியாக ஆராய்ந்தார். முகர்ஜியோடு பணியாற்றியவர்களிடமும் விசாரித்தார். இத்துறையில் கைதேர்ந்தவர் என்பதால், எந்தக் குறிப்பு அனுபவத்தில் விளைந்தது, எது கற்பனையில் எழுத முடியாதது என்பதை அவரால் பிரித்தறிய முடிந்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அவர் கட்டுரை வெளியிட்டார். இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் முகர்ஜியே என்பது அதன் சாரம். அதன் பொருள், முதலாமவர் என்ற பெருமை தமக்கும் தம் குழுவினருக்கும் உரியதன்று என்பது. யாரும் கேட்காத நிலையில், இறந்து 16 ஆண்டுகளான ஒருவருக்காக, தம் தலையிலிருந்த மகுடத்தை அவரே கழற்றி வைத்தார். அரசு அமைத்த குழு செய்யத் தவறியதை, தனி ஒரு விஞ்ஞானியின் நேர்மை செய்து முடித்தது.

அதன் பிறகு காட்சிகள் மாறின. 2000-களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் முகர்ஜியின் பணியை ஏற்றுக்கொண்டது. துர்கா என்று அறியப்பட்ட அந்தப் பெண், தமது 25-ஆவது பிறந்த நாளில் தாமே முன்வந்து உலகுக்குத் தம்மை அடையாளம் காட்டினார். 2007-இல் வெளியான உலக மருத்துவ மேதைகளின் வாழ்க்கை அகராதியில் முகர்ஜியின் பெயரும் இடம்பெற்றது. எட்வர்ட்ஸுக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிரிட்டன் செய்தது என்ன?: எட்வர்ட்ஸுக்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1971-இல் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் அவருக்கு நிதி தர மறுத்தது. மத அமைப்புகளும் சக விஞ்ஞானிகளும் சாடினர். ஆனால் நிதி மறுக்கப்பட்டதே தவிர, அவரை எவரும் தொடர்பற்ற துறைக்குத் தூக்கியெறியவில்லை. தனியார் நன்கொடையைக் கொண்டு பணியைத் தொடர முடிந்தது.

குழந்தை பிறந்த பிறகு பிரிட்டிஷ் அரசும் ஒரு குழு அமைத்தது. 1982-இல் அமைந்த அக்குழுவின் தலைவர் மேரி வார்னாக், மருத்துவர் அல்லர், தத்துவ அறிஞர். இரு நாடுகளிலும் துறைக்கு வெளியே இருந்தவர்களே தலைமை ஏற்றனர். வேறுபாடு, அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வியில் இருந்தது. இத்தகைய சிகிச்சையைச் சமூகம் எந்த எல்லைக்குள் அனுமதிக்கலாம் என்பது வார்னாக்கிடம் கேட்கப்பட்டது. அதற்கு விடை காணச் சிந்தனையாளர்களும் பொதுமக்களின் பிரதிநிதிகளும் தகுதி உள்ளவர்களே. ஆய்வுக்கூடத்தில் நடந்தது உண்மையா என்பது கல்கத்தாவில் கேட்கப்பட்டது. அதற்கு விடை சொல்லத் துறை வல்லுநர்களால் மட்டுமே முடியும். வார்னாக் குழுவின் 1984-ஆம் ஆண்டு அறிக்கை, 1990-இல் பிரிட்டனில் சட்டமாக உருப்பெற்றது.

இந்தியாவுக்கு அத்தகைய சட்டம் வர மேலும் 31 ஆண்டுகள் ஆயின. 2005-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றுக்குச் சட்ட வலு இல்லை. 2008 முதல் பல வரைவு மசோதாக்கள் வந்து போயின. 2020 செப்டம்பரில் மக்களவையில் அறிமுகமான மசோதா, நிலைக்குழுவின் ஆய்வுக்குப் பிறகு 2021-இல் நிறைவேறியது.

இச்சட்டத்தின்படி இயங்கும் தேசிய வாரியத்துக்கு மத்திய சுகாதார அமைச்சரே தலைவர். மூன்று பெண் எம்.பி.க்களும், மரபியல் அல்லது கருவியல் வல்லுநர்களும், மகப்பேறு மருத்துவர்களும், பெண்கள் நல அமைப்புகளின் பிரதிநிதிகளும் அதில் இடம்பெறுகின்றனர். அரசியலும் அறிவியலும் ஒரே மேசையில் அமரும் ஏற்பாடு இது. கருத்தரிப்பு மையங்களின் முறைகேடுகளைத் தடுக்கவும், சிகிச்சை பெறுவோரைக் காக்கவும் இது தேவைப்பட்டது. பதிவேடு என்ற ஒன்று 1978-இல் இருந்திருந்தால், தாயின் பெயரை வெளியிடாமலேயே முகர்ஜி தமது தரப்பை நிறுவியிருக்கக்கூடும்.

ஆனால் அவரை வீழ்த்தியது பதிவேடு இல்லாமை மட்டுமன்று. ஓர் இடமாற்ற உத்தரவும், ஓர் அனுமதி மறுப்பும் அந்த வேலையில் பாதியைச் செய்தன. கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்துவதற்கான இச்சட்டம் அவ்விரண்டையும் பற்றிப் பேசுவதில்லை. அரசுப் பணியில் இருக்கும் ஆராய்ச்சியாளரின் கண்டுபிடிப்பு சர்ச்சைக்குள்ளானால், அதை ஆராய்வது யார், ஆராய்ந்து முடிக்கும் வரை அவரது பணியிடத்துக்கும் பயணத்துக்கும் என்ன பாதுகாப்பு என்பவை தனியாக விடை காண வேண்டிய கேள்விகள்.

குழந்தைச் செல்வத்துக்காகக் கருத்தரிப்பு மையங்களை நாடும் இந்தியத் தம்பதியருக்கு இன்று ஹார்மோன் ஊசியும், உறைநிலைக் கருவும், வேறொரு மாதத்தில் கருவை மாற்றும் முறையும் சாதாரண மருத்துவச் சொற்கள். அவர்களில் பெரும்பாலோர் சுபாஷ் முகர்ஜி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1978-இல் அவர் செய்ததாகச் சொன்னபோது நம்ப மறுக்கப்பட்டவை அந்த மூன்றும்தான்.